ஐம்பத்திரண்டு கோழிகளுக்கு உண்டான மருந்து

நோயிலிருந்து தேறி வந்தவர்கள் எழுதியதையெல்லாம் நான் நிறைய வாசித்திருக்கிறேன். லாரி உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு மத்தியான நேரத்தில் வேறு என்ன வேலை? அந்தக் கட்டுரைகளில் நோய் ஒரு வாத்தியார் மாதிரி வரும். பொறுமை சொல்லித்தரும். எல்லாரையும் மன்னிக்கச் சொல்லும். ஜன்னலைத் திறந்து ஒரு மரத்தைக் காட்டும். எனக்கு வந்தது அந்த ரகமில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஜன்னல் இருந்தது. அதில் ஏசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது. நான் இன்றுவரை யாரையும் மன்னிக்கவில்லை. இடது கை ஆள்காட்டி விரல் வீங்கினால் என்னவெல்லாம் செய்யக் கூடாது என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போகிற வழியில் சிலரைத் திட்டுவேன். வரிசையில் முதல் ஆள் நானே.

எனக்கு முதலில் வந்தது இரத்தக் கொதிப்பு. நாமக்கல்லில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கோபத்தக் குறைங்க. கைக்கு ஏதாச்சும் வேலை குடுங்க" என்றார். என் கைக்கு அப்போது தோன்றிய வேலைகள் எல்லாமே சட்டப்படி குற்றம். பெங்களூரில் இருக்கும் மகளிடம் இதை என் மனைவி பரிமளா போனில் சொல்ல, அடுத்த வாரமே ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே கலர் கலராகக் கம்பளிப் பஞ்சு, தையல் நூல், ஒரு ஸ்பாஞ்சு, நீள நீளமாக ஊசிகள். பெட்டியின் மேல் ஒரு பெண் புன்னகையோடு முயல் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு மச்சினன் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதலில் கைத்தையலில் இறங்கினேன். தடித்த கம்பளித் துணியை வெட்டி, ஓரம் முழுக்கச் சுற்றுத் தையல் போட்டு, பரிமளாவின் செல்போனுக்கு ஓர் உறை செய்தேன். போன் உள்ளே போனது. வெளியே வரவில்லை. அது அடிக்கும்போதெல்லாம் அவள் உறையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆருங்க? சத்தமாப் பேசுங்க" என்று கத்தினாள். மூன்றாம் நாள் கத்தரிக்கோலால் போனுக்குப் பிரசவம் பார்த்தாள். தாயும் சேயும் நலம் என்று சொல்ல முடியாது, உறை போய்விட்டது.

அடுத்தது ஃபெல்டிங். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டு ரோமத்துக்குச் சாயம் போட்டு, பஞ்சு மாதிரிச் சீவி அனுப்புகிறார்கள். அதை உருட்டி ஸ்பாஞ்சு மேல் வைத்து ஊசியால் குத்த வேண்டும். அந்த ஊசியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத முள் வெட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு குத்துக்கும் அந்த முள் மேலே இருக்கும் மயிரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வரும். குத்தக் குத்தப் பஞ்சு இறுகி உருவமாகும். இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்தவன்.

எனக்கு இது பிடித்துப்போனது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குத்துக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு பேரிங்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், கடை வாசலில் டிரெய்லரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனவன், ரெசிடென்சியல் பள்ளிக்கூடத்தில் மகன் எடுத்த மார்க்கை எனக்கு மாதாமாதம் அனுப்புகிற தூரத்துச் சொந்தக்காரன். எல்லாருமாகச் சேர்ந்து மெல்ல ஒரு கோழியாக இறுகி வந்தார்கள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "குறைஞ்சிருக்கே! என்ன பண்றீங்க?" என்றார். "பொம்மை செய்யறேனுங்க" என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார்.

கொண்டை ஒன்றுதான் பாக்கி. சிவப்புப் பஞ்சைத் தலைமேல் வைத்துக் குத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கவேல் வந்தார். தங்கவேல் என் மனைவியின் தம்பி. ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். முட்டையைத் தவிர எதைப் பற்றியும் பேச மாட்டார். பேசினால் முட்டையைப் பற்றிப் பேசியதே தேவலை என்று தோன்றும்.

"மாமா, இதென்னங்க?"

"கோழி, மாப்ள."

"கோழிங்களா!" கிட்டத்தில் குனிந்து பார்த்தார். "லேயருங்களா, பிராய்லருங்களா? முட்டைக்குங்களா, கறிக்குங்களா?"

"பொம்மைக்கு என்ன லேயரு, பிராய்லரு?"

"இல்லீங்க மாமா, கொண்டை இப்படி ஒரு பக்கமா சாஞ்சா அது சீக்குக் கோழிங்க. கழுத்த வேற உள்ள இழுத்துக்கிச்சு. எங்க பண்ணைல இப்படி ஒண்ணு நின்னா தனியாத் தூக்கி அக்கட்டால வெச்சுப்போடுவோம். பாத்தீங்களா, கண்ணு கூட மூடற மாதிரி இருக்குது."

அந்தக் கண்ணை நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கறுப்பு நூலால் தைத்திருந்தேன். தங்கவேலைப் பார்த்துக்கொண்டே கொண்டையைக் குத்தினேன். ஊசி கொண்டையைத் தாண்டி, அதைப் பிடித்திருந்த என் ஆள்காட்டி விரலுக்குள் இறங்கியது. உதறினேன். "டிக்" என்று ஒரு சத்தம். ஊசியைத் தூக்கிப் பார்த்தால் நுனியைக் காணோம்.

இங்கேதான் நான் என் படிப்பறிவை உபயோகித்தேன். ஒடிந்த நுனி எங்கே போயிருக்கும்? கோழிக்குள்தான். அன்று முழுக்கக் கோழியைப் பிய்த்துத் தேடினேன். அத்தனை பேரையும் குத்திக் குத்தி இறுக்கிய உடம்பு மறுபடி பஞ்சாக மேஜை முழுக்கப் பறந்தது. நுனி கிடைக்கவில்லை. கீழே விழுந்திருக்கும் என்று பெருக்கித் தள்ளிவிட்டேன். விரலில் ஒரு புள்ளிதான். வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறந்துபோனேன்.

விரல் மறக்கவில்லை. ஒரு நாள் விட்டுச் சூடு ஏறியது. அடுத்த நாள் மடக்க முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. தங்கவேல் கடைக்கு வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவீங்களா மாமா? நம்மகிட்ட மருந்து இருக்குது. பத்தாயிரம் கோழிக்குக் கேக்குது, உங்க ஒருத்தருக்குக் கேக்காதுங்களா?"

"அது கோழி மருந்து, மாப்ள."

"கோழி ஒடம்புல ஓடறது மட்டும் என்னங்க, மோரா? எடை எத்தனைங்க நீங்க?"

"எழுபத்தெட்டு."

செல்போனை எடுத்து வகுத்தார். "கோழிக்கு ஒண்ணரை கிலோ. அப்ப நீங்க அம்பத்திரண்டு கோழி."

ஐம்பத்திரண்டு கோழிகளுக்கு உண்டான மருந்தைச் சொம்புத் தண்ணீரில் கலக்கி, காலையும் மாலையும் குடித்தேன். வெளிநாட்டு நாவல்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கல்லூரிக்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நான்தான் குடித்தேன். எங்கள் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு யாருக்கும் விபரீதமாகத் தோன்றாது. மருந்து கையில் இருக்கிறது, எடை தெரிகிறது, வகுத்துவிட வேண்டியதுதான்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார் தங்கவேல். "சத்து டானிக்குன்னு சொல்லிருங்க."

இரண்டு நாள் வீக்கம் வாடியது. தங்கவேல் கடைக்கு வந்து, நான் ஏதோ அவர் பண்ணையில் பிழைத்த கோழி மாதிரி என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் விரல் பழி தீர்த்தது. மரவள்ளிக்கிழங்கு மாதிரி அடியிலிருந்து நுனிவரை ஒரே கனமாகப் பெருத்து, கொக்கி போல் வளைந்து, தொட்டால் உயிர் போனது. குளிர்க் காய்ச்சல் வேறு. பரிமளா பார்த்தாள். "ஏனுங்க, இது வெரலா என்னங்க இது?" என்றாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

தங்கவேலின் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. முட்டை வண்டியில்தான் என்னைச் சேலத்துக்குக் கொண்டுபோனார். பின்னால் முட்டை அட்டைகள், முன்னால் நாங்கள் மூவர். ராசிபுரத்தைத் தாண்டி, வெண்ணந்தூர் பிரிவில் ஒரு பள்ளம். பின்னால் முட்டைகளுக்கு எதுவும் ஆகவில்லை. நான் மட்டும் கத்தினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "முட்டை வண்டியெல்லாம் பின்னாடி கேட்டுங்க. கேன்டீன் அந்தப் பக்கம்."

"பேசண்டு இருக்காருங்க" என்றார் தங்கவேல்.

"எங்க?" என்று அவர் பின்னால் போய் அட்டைகளுக்கு நடுவே பார்த்தார்.

காத்திருக்கும் அறைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கும் நாற்காலிகள் நோயாளியை டாக்டரிடம் அனுப்புவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. விரலுக்காக வந்தவன் இடுப்புக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிறது. சுவரில் ஒரு டிவி. அதில் ஒரு டாக்டர் புன்னகையோடு நல்ல வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். சத்தம் கிடையாது. அது ஒன்றுதான் அந்த அறையில் எனக்குக் கிடைத்த கருணை.

கை அறுவை சிகிச்சைக்கென்றே தனியாகப் படித்த டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். வார்த்தைகளை மருந்து மாதிரி அளந்து கொடுப்பவர்.

"எப்படி ஆச்சு?"

"ஊசி குத்திருச்சுங்க."

"என்ன ஊசி?"

"கோழி செய்யற ஊசிங்க."

அவர் தலை நிமிர்ந்தது. மறுபடி குனிந்துகொண்டது. என் விரல் நுனியைப் பிடித்து லேசாக நிமிர்த்தினார். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை அதுவரை டிரைவர்களிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "அதுதான் நான் தெரிஞ்சுக்க வேண்டியது" என்றார். "இதுக்கு முன்னாடி மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கவேல், "பிரஷர் மாத்திரை மட்டுந்தானுங்க" என்றார். பக்கத்தில் பரிமளா நின்றிருந்தாள். இவ்வளவு படித்த பெண்மணியிடம், நான் ஐம்பத்திரண்டு கோழி என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

எக்ஸ்ரேயில், எறும்பின் கால் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. காணாமல் போன நுனி என் விரலுக்குள் சௌகரியமாகப் படுத்திருந்தது. அதைத் தேடி நான் ஓர் அப்பாவிக் கோழியைக் கொன்றிருக்கிறேன்.

டாக்டரம்மா வியாதியின் பெயரைச் சொன்னார். அது ஒரு சரக்கு ரயில் நீளம். என் தொழில் பாஷையில் சொன்னால்: விரலை மடக்குகிற தசைநாண், கிளட்ச் கேபிள் மாதிரி ஓர் உறைக்குள் ஓடுகிறது. என் உறைக்குள் சீழ் நிறைந்துவிட்டது. கேபிள் சீழில் ஊறினால் அழுகிவிடும். லாரியாக இருந்தால் கேபிளும் உறையும் சேர்த்துப் புது செட்டு மாற்றிவிடலாம். விரலுக்கு ஸ்டாக் கிடையாது.

"இன்னிக்கே திறந்து கழுவணும்" என்றார். "லேட்டா வந்திருக்கீங்க. விரல் தங்குமான்னு இப்ப சொல்ல மாட்டேன்."

தோளுக்குக் கீழே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். கை எனக்குச் சொந்தமில்லாத ஒரு சாமானாகிவிட்டது. நடுவில் பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல், பேச்சு மட்டும் கேட்டது.

"ஊசி வந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. கிண்ணத்தில் ஏதோ விழுகிற சத்தம். பிறகு, "இது என்ன, சிவப்பா?"

"கொண்டைங்க" என்றேன் திரைக்கு இந்தப் பக்கமிருந்து.

முள் ஊசி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. மேலே இருந்த பஞ்சை உள்ளே இழுத்துப் போய் விட்டுவிட்டு வந்திருக்கிறது. நான் என் விரலையே ஒரு பொம்மையாகக் குத்தியிருக்கிறேன்.

தையல் போடும்போது திரையை விலக்கச் சொன்னேன், விலக்கினார்கள். தையல்கள் ஒன்றுக்கொன்று எங்கோ தள்ளி நின்றன. நடுவில் காயம் வாய் பிளந்து கிடந்தது. "இவ்வளவு எட்ட எட்டப் போட்டா பிரிஞ்சிராதுங்களா?" என்றேன்.

"நீங்க டெய்லரா?"

"இல்லீங்க, ஸ்பேர் பார்ட்ஸ்."

"சீழ் வெளிய வர வழி வேணும். நெருக்கமாத் தெச்சா உள்ளயே அடைஞ்சிடும்" என்றார். போன் உறை ஞாபகம் வந்தது.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் கெங்கவல்லிக்காரர் ஒருவர். மக்காச்சோளம் உதிர்க்கிற மெஷினில் கை மாட்டி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நாள் முழுக்கச் சண்டைப் படம். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். கூட்டினார். ஃபேனைக் குறைக்கச் சொன்னார். நான் கூட்டினேன். இப்படியாக எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது.

"நமக்கு மெஷினு. உங்களுக்கு எதுல சார்?" என்றார் முதல் நாள்.

"பொம்மைக் கோழி செய்யும்போது."

என் கைக்கட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டிரிப்ஸ் கம்பி ஆடி, நர்ஸ் ஓடி வந்து பிடிக்கும்வரை சிரித்தார். அவரைப் பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் என்னைக் காட்டிக் கதையைச் சொன்னார். அவர்களில் ஒருவர் கோழியின் படம் செல்போனில் இருக்கிறதா என்று என்னிடமே கேட்டார்.

என்னைப் பார்க்க வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆளாளுக்கு விரல் போன ஒரு சொந்தக்காரரை நினைவுகூர்ந்தார்கள். எல்லாரும் ஹார்லிக்ஸோடு வந்தார்கள். பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் கொதிப்பு ஏறும். மறுபடி கம்பளி குத்தச் சொல்வார்கள்.

தங்கவேலும் வந்தார், தினமும், வேக வைத்த முட்டைகளோடு. ஒரு கையால் உரிக்க முடியாது என்று உரித்தே கொண்டுவந்தார். மிளகு உப்பைத் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றேன். "இன்னொண்ணுங்க மாமா" என்பார். எடுத்துக்கொண்டு மறுபடி சுவரைப் பார்ப்பேன். பரிமளா என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள், தலை சீவிவிட்டாள், ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டினாள். கெங்கவல்லிக்காரர் டிவியை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்.

விரல் மட்டும் எந்தக் கவனிப்புக்கும் மசியவில்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் டாக்டரம்மா முகம் சுருங்கியது. சீழ் நிற்கவில்லை. தையலோரத் தோல் நாவற்பழ நிறத்துக்கு வந்தது. சீழைச் சோதனைச்சாலைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்த்தால், எந்த மருந்து அதைக் கொல்லும் என்று தெரியும். முடிவு வந்தது: எதுவும் வளரவில்லை.

"இவ்வளவு சீழ், கிருமி மட்டும் இல்லைங்குது" என்றார் டாக்டரம்மா, தனக்குள் பேசுகிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு மறுபடி திறந்து பார்க்கிறேன். உள்ளே செத்துப்போயிருந்தா விரலை எடுத்துடணும். விட்டு வெச்சா உள்ளங்கைக்கு இறங்கும். கையெழுத்துப் போட வீட்டுக்காரம்மாவை வரச் சொல்லுங்க."

அவர் போன பிறகு விரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இடது கை ஆள்காட்டி விரல் வாழ்நாளில் எனக்கு என்ன செய்தது? யோசித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகத்தில் விட்ட பக்கத்துக்கு நடுவே செருகியிருக்கும். நட்டு போல்ட்டின் மரையைத் தடவிப் பார்த்து அளவு சொல்லும். பரிமளா குழந்தை பெற்ற அன்று, மகள் கண்ணைத் திறக்காமலே அந்த விரலைத்தான் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பக்கத்துக் கட்டில் பேசியது.

"ஓட்டுக்கு மை வைக்கிற விரலு சார் அது. அது போனாலும் விட மாட்டாங்க, பக்கத்து விரல்ல வைப்பாங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கு வைக்கிறாங்க."

"நான் ஓட்டே போடலைங்க. போதுங்களா?"

"அதுக்கு ஏன் கோவப்படுறீங்க? எனக்கு ரெண்டு போச்சு. மிச்சம் எட்டை வச்சுக்கிட்டு ரிமோட்டு நல்லாத்தான் அமுக்குறேன்."

"அதுதானுங்க என் பிரச்சனையே" என்றேன்.

பரிமளா மாற்றுத் துணி எடுத்து வர நாமக்கல் போயிருந்தாள். போன இடத்தில், இந்தச் சனியனே வேண்டாம் என்று என் கம்பளிப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். அடியில் நான் ஒளித்து வைத்திருந்த ஒரு பாட்டில் உருண்டு வந்திருக்கிறது. அதன் லேபிளில் ஒரு கோழிப் படம்.

மறுநாள் காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நேரம். தங்கவேல் முட்டைக்கு மிளகு தூவிக்கொண்டிருந்தார். பரிமளா உள்ளே வந்தாள். யாரிடமும் எதுவும் பேசாமல், பாட்டிலைக் கட்டில் மேஜையில், முட்டைகளுக்கு நடுவே வைத்தாள்.

"படி" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, அது வந்து..."

"படிங்கறனில்ல."

தங்கவேல் படித்தார். கோழிகளுக்கு மட்டும். தண்ணீரில் கலந்து கொடுக்கவும். மருந்து கொடுத்த காலத்திலும் அதற்குப் பிறகு சில நாட்களுக்கும் முட்டையை மனிதர் உண்ணக் கூடாது. கடைசி வரியில் அவர் குரல் தேய்ந்துபோனது.

"இந்த மருந்தக் குடிச்ச கோழியோட முட்டையே மனுசனுக்கு ஆகாதுன்னு போட்டிருக்குது" என்றாள் பரிமளா என்னிடம். "நீங்க மருந்தையே குடிச்சிருக்கீங்க. ஊடு நெறயா பொஸ்தகம் அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணுல கூடவா நீங்க மனுசனா கோழியான்னு போடல?"

கெங்கவல்லிக்காரர் தானாகவே டிவியை அணைத்தார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாட்டிலை எடுத்து, லேபிளில் இருந்த மருந்தின் பெயரை இரண்டு முறை படித்தார். "எவ்வளவு குடிச்சீங்க?"

"அம்பத்திரண்டு கோழிக்கு உண்டானதுங்க."

"இது பாதிக் கிருமியைக் கொன்னிருக்கு. அதனாலதான் சோதனையில எதுவும் வளரலை. இதுக்குச் சாகாதது உள்ள மிச்சம் இருக்கு. நான் இத்தனை நாளா ஏத்திக்கிட்டு இருக்கிறதும் இதே குடும்பத்து மருந்துதான்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "முதல் நாளே கேட்டேனே."

நானும் தங்கவேலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சின்ன வயதில் ஒரே கல்லால் இரண்டு பேர் சேர்ந்து கண்ணாடியை உடைத்தால் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. அதில் பாசம் ஒன்றும் கிடையாது.

மருந்தை மாற்றினார்கள். அன்றே மறுபடி திறந்தார்கள். இந்தத் தடவை நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து எதுவும் பேசவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் மட்டும், கழுவக் கழுவ, வாகனம் கழுவுகிற ஷெட்டில் மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தது. எடுக்கிறார்களா, விடுகிறார்களா? கை மரத்திருந்ததால் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

கடைசியில் டாக்டரம்மா திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஒரு கேபிள் போயிடுச்சு. இன்னொண்ணு பாதி இருக்கு. விரலை விட்டு வைக்கிறேன். புது மருந்து கேட்டா தங்கும். ஆனா முன்ன மாதிரி மடங்காது."

என் பாஷையிலேயே சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் நான் யாருக்காவது நன்றி சொல்வதாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

மருந்து கேட்டது. ஜுரம் விட்டது, சீழ் வற்றியது, தோலில் மனித நிறம் திரும்பியது. நான் கிளம்பும் நாள் கெங்கவல்லிக்காரர் ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "இந்தா சார், ஒரு தடவ உங்க இஷ்டத்துக்குப் பாருங்க." வாங்கி அணைத்தேன். "அதான பாத்தேன்" என்று பிடுங்கிக்கொண்டார். டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார். உள்ளே ஊசி நுனியும், நாலைந்து சிவப்பு இழைகளும்.

பரிமளா தீர்ப்பு எழுதியிருந்தாள். விரலுக்குப் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் சேலம் போக வேண்டும். மூன்று நாளும் தம்பிதான் கூட்டிப் போக வேண்டும். "மருந்து குடுத்தவன் வண்டி ஓட்டட்டும். குடிச்சவரு உக்காந்துக்கிட்டுப் போகட்டும்" என்றாள். அதற்குமேல் எங்கள் இருவரிடமும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். எனக்கும் தங்கவேலுக்கும் நடுவே பேச்சு ஏற்கெனவே நின்றிருந்தது.

ஆகவே இப்போதெல்லாம் முட்டை வண்டியில் போகிறேன். செக்யூரிட்டிக்கு எங்களைத் தெரிந்துவிட்டது. பின் கேட்டுக்கே கை காட்டுகிறார். பயிற்சி கொடுக்கும் பையன் விரலைப் பிடித்து மடக்குவான். அது மடங்க மறுக்கும். மற்ற நாலு விரலும் ஒழுங்காக மடங்கி உள்ளங்கையில் படுக்கின்றன. இது மட்டும் நேராக, விறைப்பாக, கடைசிவரை நீட்டிக்கொண்டே இருக்கிறது. கையை மடியில் போட்டால் யாராவது ஒருவரைக் காட்டும்.

போன வாரம் திரும்பி வரும்போது, ராசிபுரம்வரை தங்கவேல் எதுவும் பேசவில்லை. ஓரக்கண்ணால் என் கையைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார். கடைசியில் தாங்கவில்லை.

"மாமா, அந்த வெரலக் கொஞ்சம் மடக்கிக்குங்களேன். வண்டி ஓட்ட முடியலீங்க. என்னையவே காட்டிக்கிட்டு இருக்குது."

"மடங்காதுங்க மாப்ள. உங்களுக்குத் தெரியாததா?"

கொஞ்ச தூரம் போனோம். பின்னால் காலி அட்டைகள் ஆடின.

"மடங்காட்டிப் போகுது மாமா. கையத் திருப்பி ஜன்னல் பக்கமா வெச்சுக்கலாமில்லீங்களா?"

"வெச்சுக்கலாம்" என்றேன்.

நாமக்கல் வந்து சேரும்வரை வைத்துக்கொள்ளவில்லை.